கடைசிக் கட்டத்துக்கு ஒரு கட்டம் முன்னால்

மணி, நீ விமானம் ஏறிப் போய்ப் பதினொரு நாள் ஆகிறது. நான் சொல்லச் சொல்ல மும்தாஜ் இதை எழுதுகிறாள். அவள் வீட்டுக்காரரின் சாக்குக் கடையில் மத்தியானம் கூட்டம் இருக்காது. பின்னால் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறோம். என் பேச்சை அவள் புத்தகத்தில் இருப்பது மாதிரி நேராக்கி எழுதுகிறாள். யாராவது பேசியதைச் சொன்னால் மட்டும் அவர்கள் பேசினபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன். உனக்குத் தமிழ் எழுத்து வாசிக்க நேரம் பிடிக்கும் என்று தெரியும். மலையாளம் என்றால் ஓடும், தமிழ் என்றால் கூட்டிக் கூட்டித்தான் வரும். பரவாயில்லை, மெதுவாகவே வாசி. இது வேகமாக வாசிக்க வேண்டிய விஷயம் இல்லை.

நீ கிளம்பிய அன்று பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாய். கட்டிலுக்கு அடியில் கயிறு தேடப் போய் அப்பாவின் ஓட்டை போட்ட செஸ் பலகையை வெளியே இழுத்துவிட்டாய். கொஞ்ச நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாய். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாய்: "அப்பா ஆட்டத்தை நான்தாம்மா கெடுத்தேன். நம்பரை எடுத்திருக்கக் கூடாது." இந்தக் கதை தெரியாத உன் பெண்டாட்டி சுஜா, "எந்த நம்பரு?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றாய். நான் அடுப்பைப் பார்க்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை. அணைத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

நம்பரை எடுத்தது நீதான் மோனே. ஆனால் எடுக்கும்படி செய்தது நான். இத்தனை வருஷம் நீ சுமக்கிற பாரம் உன்னுடையது இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இப்படி ஒரே வரியில் சொன்னால் உனக்கு விளங்காது. சொன்ன எனக்கும் ஆறாது. எங்கேயாவது சுற்றித்தான் நான் ஒரு இடத்துக்குப் போய்ச் சேருவேன். அப்பா இருந்தபோது அதற்காகத்தான் திட்டுவார். "எறணாகுளத்துக்குப் போறதுக்கு இவ ஆலப்புழை வழியாப் போவா" என்பார்.

அப்பா முனிசிபல் வேலைக்காரர். ஓடை வாருகிற கூட்டத்தில் இருந்தார். காலையில் சீக்கிரம் தொடங்கி மத்தியானத்தோடு முடியும் வேலை. முடிந்ததும் கை கால் கழுவி, சட்டை மாற்றி, யூதர்கள் இருந்த ஜூ டவுனில் மிளகுக் கிடங்குகளுக்குப் பக்கத்தில் இருந்த சாயாக் கடைக்குப் போவார். சுமை தூக்குகிறவர்கள் அங்கே செஸ் ஆடுவார்கள். காலையில் ஓடையில் பார்த்த ஆளை மத்தியானம் பக்கத்தில் உட்கார வைக்கச் சிலர் யோசிப்பார்கள். பலகை விரித்துவிட்டால் யாரும் யோசிப்பதில்லை. அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் அவர் மீதி நாளைக் கடத்தினார் என்று இப்போது நினைக்கிறேன். காயைத் தூக்கி அவர் வைக்கிற சத்தம் தெருவில் வரும் எனக்குக் கேட்கும். மெதுவாக வைத்தால் தோற்கிறார். அறைந்து வைத்தால் அன்றைக்கு வீட்டில் மீன் கேட்பார்.

அப்புறம் சர்க்கரை வந்து கண்ணைத் தின்றது. முதலில் இடது கண். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்த மாதிரி இருக்கிறது என்றார். அப்புறம் வலது கண்ணிலும் பாதி. வேலையிலிருந்து நின்றுவிட்டார். போர்ட் கொச்சியில் ஒரு தச்சன், தோணிப் பலகை அறுக்கிறவன், கட்டத்துக்குக் கட்டம் ஓட்டை போட்டு, காய்களுக்கு அடியில் ஆணி வைத்துக் கொடுத்தான். கறுப்புக் காய்களின் தலையில் ஒரு வெட்டு. தடவிப் பார்த்தால் எது யாருடையது என்று தெரியும், தட்டினாலும் சாயாது. சாயாக் கடைச் சிநேகிதர்கள் ஒரு மாதம் போல வீட்டுக்கு வந்து ஆடினார்கள். அப்புறம் ஒரு நாள் அப்பா எல்லாரையும் விரட்டிவிட்டார். அதை நீ பார்க்கவில்லை. நீ அப்போது பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். அன்று ஆடிக்கொண்டிருந்தது லோனச்சன், கோணி ஊசி மாதிரி ஒல்லியாக இருப்பாரே, அவர். அப்பா பலகையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "லோனச்சா, இந்தக் குதிரையை ஏன் வெட்டல?"

"கண்டில்ல சேட்டா."

"உனக்குக் கண்ணு ரெண்டும் இருக்கு. நீ காணல, நான் கண்டேன், இல்லையா?" என்றார் அப்பா. "எனக்குக் கண்ணுதான் போச்சு. புத்தி போகல. பிச்சை போடுறதுக்கு இங்க ஒருத்தனும் வரண்டாம். போங்க."

லோனச்சன் வாசலில் செருப்பு மாட்டும்போது அழுதார். அப்பாவுக்கு அது தெரியாது. இந்தச் சம்பவத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள் மணி. யாராவது இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் ஒன்றும் நான் செய்யவில்லை.

அதற்குப் பிறகுதான் நீ அந்தப் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாய். பெங்களூரில் வேலை கிடைத்துக் கிளம்புவதற்கு முன்னால் இருந்த மூன்று மாதம் நீ அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாய். அது செஸ் ஆடும், நீயே எழுதிய ஆட்டம் என்றதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "ஏல, அதுக்கு இரக்கம் உண்டா?" நீ சிரித்தாய். "அதுக்கு உங்க கண்ணைப் பத்தித் தெரியாதுப்பா" என்றாய். அவருக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் ஒரு தடை. அது திரையில் காட்டுவதை அவருக்கு யார் சொல்வது? நான்தான். நான் பள்ளிக்கூடத்து வாசலைக்கூட மிதிக்காதவள். நீ என்னைச் சமையலறையில் பிடித்து உட்கார வைத்து, நகர்த்துவதை எழுத மூன்று விதம் இருக்கிறது என்றாய். போட்டிகளில் எழுதுகிற விதம் ஒன்று: காயின் பெயருக்கு ஒரு இங்கிலீஷ் எழுத்து, போய்ச் சேருகிற கட்டத்தின் பெயர், அவ்வளவுதான். எங்கேயிருந்து கிளம்பியது என்று இருக்காது, பலகையைப் பார்த்து நாமே புரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது விதத்தில் கிளம்பிய கட்டமும் சேர்ந்த கட்டமும் இருக்கும், ஆனால் எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும். மூன்றாவது வெறும் எண். இடமிருந்து எத்தனையாவது, கீழேயிருந்து எத்தனையாவது. கிளம்பிய கட்டத்துக்கு இரண்டு எண், சேர்ந்த கட்டத்துக்கு இரண்டு எண், மொத்தம் நான்கு. நீ உப்பு டப்பாவைத் தூக்கிக் காட்டினாய். "அம்மா, உப்பை ஜன்னல்ல வெச்சேன்னு சொல்றது ஒரு விதம். அடுப்புப் பக்கத்திலேர்ந்து எடுத்து ஜன்னல்ல வெச்சேன்னு சொல்றது இன்னொரு விதம். எது உனக்கு எளுப்பம்?" அப்பா முன்னறையிலிருந்தே கத்தினார்: "கிளம்புன இடத்தைச் சொல்லாம சேர்ந்த இடத்தை மட்டும் சொன்னா, குருடன் எங்கலே கையை வைப்பான்?" அத்தோடு முடிவாயிற்று. எங்கேயிருந்து, எங்கே, இரண்டும் வேண்டும். எழுத்து வேண்டாம், எண் போதும்.

எண் எனக்கு எப்படி வந்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா தெரியாது. கல்யாணமாகி வந்த புதிதில் சுக்குக் கிடங்கில் பொறுக்கப் போனேன். நல்லது ஒரு பக்கம், பூச்சி அரித்தது ஒரு பக்கம். பொறுக்கினதை மூட்டையில் போட்டுத் தைத்து, மையால் எண் எழுதி அட்டியில் அடுக்குவார்கள். ஒரு நாள் ஒன்பதை ஆறு என்று நினைத்து ஒரு முழு அட்டியை ஏற்றச் சொல்லிக் காட்டிவிட்டேன். சுமைக்காரர்கள் எல்லா மூட்டையையும் லாரியில் ஏற்றி, பாலம் தாண்டினதற்குப் பிறகுதான் தெரிந்தது. மேஸ்திரி எல்லாப் பெண்களுக்கும் முன்னால் என்னை நிற்க வைத்து, "ஒம்பதுக்குத் தல மேல, ஆறுக்கு வயிறு கீழ. சொல்லுடி" என்று சொல்லச் சொன்னான். அத்தனை பெண்களும் சிரிக்கச் சிரிக்க நான் சொன்னேன். அன்றிலிருந்து எந்த எண்ணையும் இரண்டு தடவை பார்க்காமல் நான் வாயைத் திறந்தது இல்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததைக் கேட்டு, அம்மா பாவம், தெரியாமல் தப்பாகப் படித்துவிட்டாள் என்று நீ நினைத்துக்கொள்ளக் கூடாது.

நீ போன பிறகு தினமும் நான்கு மணிக்கு ஆட்டம். அப்பா எப்போதும் வெள்ளை. அவர் நான்கு எண் சொல்வார், நான் விசையைத் தட்டுவேன். அது யோசித்து நான்கு எண் போடும், நான் சொல்வேன். "அஞ்சு ஏழுலேர்ந்து அஞ்சு அஞ்சு." அவர் விரல் முதல் இரண்டு எண்ணுக்கு ஒரு கட்டத்தில் போய் நிற்கும், அடுத்த இரண்டு எண்ணுக்கு இன்னொரு கட்டத்துக்குப் போகும். எனக்கு ஆட்டம் தெரியாது. ஆனால் மாதக்கணக்கில் பார்த்ததில் எந்தக் காய் எப்படிப் போகும் என்று தெரிந்துவிட்டது. மூலையில் நிற்கிற தேர், உன் சித்தப்பா ஊரில் அதை யானை என்பார்கள், அது நேராகத்தான் போகும், வழியில் ஆள் இல்லாவிட்டால் எவ்வளவு தூரமும் போகும். ஆட்டம் முடிந்தால் எண்ணுக்குக் கீழே இங்கிலீஷில் நீளமாக ஒரு வரி வரும் என்று நீ சொல்லித் தந்திருந்தாய். அந்த வரி வரும்போதெல்லாம் தோற்றது அப்பாதான். நீ மிக நன்றாகச் செய்திருந்தாய் மோனே. அவர் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை.

முதலில் அவருக்கு அது பிடித்திருந்தது. "என்னமா அடிக்கான் பாத்தியாட்டி" என்று உன்னைப் புகழ்வது மாதிரியே அதைப் புகழ்வார். அப்புறம் வலது கண்ணில் மிச்சம் இருந்த வெளிச்சமும் போயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் இனி வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். படகில் திரும்பி வரும்போது, "வைப்பின் தீவுப் பக்கம் மழை இருட்டிருக்கா?" என்று கேட்டார். நல்ல வெயில். நான், "ஆமா, இருட்டிக்கிட்டு வருது" என்றேன். அதுதான் முதல் பொய் என்று சொல்ல வேண்டும். அது எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஆட்டத்துக்கு உட்காருவார், தோற்பார், பலகையை அப்படியே விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். பேசினால் பதில் இல்லை. அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் மணி. ஒருவர் பேசாவிட்டால் இன்னொருவருக்கும் வாய் இல்லை. வியாழக்கிழமை என்று நினைவு. அப்பா அன்று நன்றாக ஆடினார், முகம் தெளிந்து வந்தது. அப்போது அது எண் போட்டது: ஒன்று எட்டிலிருந்து ஒன்று ஒன்று. தேர் மேலேயிருந்து கடைசிவரை இறங்கி ராஜாவைக் கட்டிவிட்டது. கீழே அந்த நீள வரி. நான் இரண்டு தடவை பார்த்தேன். பிறகு சொன்னேன்: "ஒண்ணு எட்டுலேர்ந்து ஒண்ணு ரெண்டு."

ஒரு கட்டம் குறைத்தேன், அவ்வளவுதான். தேரைக் கடைசிக் கட்டத்துக்கு ஒரு கட்டம் முன்னால் நிறுத்தினேன். அவர் தடவினார், யோசித்தார், சிரித்தார். "வந்துட்டு நிக்கானே! இதுக்காலே இவ்வளவு தூரம் வந்த?" என்று தன் காயை அறைந்து வைத்தார். நான் எதையும் தட்டவில்லை. சும்மா விசை மேல் விரலை வைத்துச் சத்தம் மட்டும் செய்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "நீள வரி வந்திருச்சு. அது தோத்துட்டேன்னு ஒத்துக்கிச்சு" என்றேன். அன்று ராத்திரிக்குக் கப்பைக் கிழங்கும் மத்தி மீன் குழம்பும் கேட்டார். எத்தனையோ நாள் கழித்து அந்த வீட்டில் ஒருத்தர் சிரித்தார். எனக்கு அது வேண்டியிருந்தது. அவருக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், பாதி எனக்காக.

மும்தாஜ் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். "அக்கா, இதைக் கண்ணு தெரியாத அண்ணன்கிட்டயா செஞ்சீங்க?" என்கிறாள். எழுது என்கிறேன்.

ஒரு நாளோடு விட்டிருந்தால் ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. நான் விடவில்லை. நான்கைந்து ஆட்டத்துக்கு ஒரு தடவை அவரை ஜெயிக்க வைத்தேன். அந்த வரி வரும்போது நேராகப் போகிற காயாக இருந்தால் ஒரு கட்டம் குறைப்பேன். அந்த வித்தையில் கைதேர்ந்துவிட்டேன். என் வாயில் ஒரு எண் மாறினால் அந்த வீட்டில் வெயில் அடிக்கிறது என்பது எனக்கு ஒரு ருசியாகவே ஆகிவிட்டது. லோனச்சனை எந்த வாயால் விரட்டினாரோ, அதே வாயால் அவர் என்னிடம், "இது ஒண்ணுதான்ட்டி என்கிட்ட நேர்மையா ஆடுது" என்று சொன்னபோதும் நான் நிறுத்தவில்லை.

அவர் முட்டாள் இல்லை. ஜெயித்த சந்தோஷம் ஆறினதும் அவருக்கு ஒன்று உறுத்தியது. அதைத்தான் போனில் உன்னிடம் கேட்டார். இந்தக் கடையில்தான், இதே மேசைமேல் இருந்த போனில்தான் நீ வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவாய். அப்பா சொன்னார்: "ஏல மணி, உன் மெசினு நல்லாத்தான் ஆடுது. ஆனா கடைசில ஒரு கட்டம் முன்னாலயே நின்னு போகுது. நின்னுட்டு, ஜெயிக்கிற இடத்துல இருந்துக்கிட்டே தோத்துட்டேங்குது. அது என்ன கூத்து?" கடைசி ஆட்டத்தை முதல் நகர்த்தலிலிருந்து எண் எண்ணாக ஒப்பித்தார். நீ அங்கே உன் கம்ப்யூட்டரில் அதையே ஆடிப் பார்த்திருக்கிறாய். அடுத்த வாரம் கூப்பிட்டு, "இங்க சரியாத்தான்பா வருது, ஒண்ணு ஒண்ணுன்னுதான் வருது" என்றாய். "அப்போ நான் பொய் சொல்றேனா?" என்று அப்பா கத்தினார். நீ என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னாய். "அம்மா, நீதானே பாக்குற. ரெண்டுன்னுதான் வந்துச்சா? நல்லா ஓர்த்துச் சொல்லு." மும்தாஜ் அங்கே சாக்கு மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான், "ரெண்டுதான் மோனே" என்றேன்.

நீ என்னை நம்பினாய். உன் அம்மா எண்ணை இரண்டு தடவை பார்ப்பவள் என்று உனக்குத் தெரியும். அதனால் பிழை உன்னுடையதுதான் என்று எடுத்துக்கொண்டாய். அதற்கு அடுத்த தடவை கூப்பிட்டபோது உன் குரலில் அப்படி ஒரு உற்சாகம். "அப்பா, கண்டுபிடிச்சிட்டேன்! கம்ப்யூட்டர் உள்ளுக்குள்ள பூஜ்யத்திலேர்ந்து எண்ணும், நாம ஒண்ணுலேர்ந்து எண்ணுறோம். நான் மாத்தி எழுதுற இடத்துல எங்கேயோ ஒண்ணைக் கூடுதலாக் கூட்டுது. உள்ள அது சரியாத்தான் ஆடியிருக்கு, வெளிய எழுதும்போது மட்டும் தப்பு." அப்பா மெதுவாகக் கேட்டார், "உள்ள சரின்னா?" நீ யோசிக்காமல் சொன்னாய்: "உள்ள அது ஜெயிச்சிருச்சுப்பா. அதான் ஆட்டம் முடிஞ்சுதுன்னு வந்திருக்கு." அப்பா போனை என் கையில் வைத்துவிட்டார். வீட்டுக்கு நடக்கும்போது ஓடை ஓரத்தில் நின்று, "அப்போ நான் ஒண்ணுகூட ஜெயிக்கல" என்றார். நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். பக்கத்தில் மீன்காரி போய்க்கொண்டிருந்தாள். அவள் போகட்டும் என்று நினைத்தேன். அவள் போய்விட்டாள். நானும் சொல்லவில்லை.

ஓணத்துக்கு நீ வந்தாய். நான்கு நாள் லீவு. இலை போட்டு அவியல் வைத்து எல்லாம் ஆறிப்போயிற்று, நீ கம்ப்யூட்டரை விட்டு எழுந்து வரவில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அரிசியில் இல்லாத பூச்சியைப் பொறுக்குகிற மாதிரி, இல்லாத பிழையை நீ தேடிக்கொண்டிருந்தாய். ஒவ்வொரு தடவையும் அது சரியாகவே எண் போட்டது. "என்னம்மா இது, நான் இருந்தா ஒழுங்கா வருது!" என்று தலையைப் பிடித்துக்கொண்டாய். மூன்றாம் நாள் முடிவு செய்துவிட்டாய். உன் ஆபீஸ் சிநேகிதர்கள் செய்த ஆட்டங்களோடு உன்னுடையதை மோதவிட வேண்டும் என்றால் எப்படியும் எல்லாரும் எழுதுகிற விதத்துக்கு மாற வேண்டும். இங்கிலீஷ் எழுத்து, சேருகிற கட்டம் மட்டும். ஒரு சிநேகிதன் அதற்கு எழுதி வைத்தது தயாராக இருக்கிறது, அதில் பிழை கிடையாது. பிழை இருக்கிற எண்ணைத் தூக்கிப் போட்டுவிடலாம். ஆனாலும் நீ என்னைக் கேட்டாய். அதை நீ மறந்துவிட்டாய் போல. நான் மறக்கவில்லை. "அம்மா, வேணும்னா நம்பரும் கூடவே வரட்டும். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்தா எங்க பிசகுதுன்னு எனக்கும் தெரியும், உனக்கும் வாசிக்க எளுப்பம்."

இரண்டும் வந்திருந்தால் அப்பா ஆட்டம் நின்றிருக்காது. ஆனால் இரண்டும் வந்திருந்தால் பிசகு எங்கேயும் இல்லை என்று ஒரே வாரத்தில் உனக்குத் தெரிந்திருக்கும். நான் சொன்னேன்: "வேண்டாம் மோனே. நான் எழுத்துப் படிச்சுக்கிறேன். எட்டெழுத்துதானே." நீ என் தோளில் கை வைத்து, "மிடுக்கி, சமர்த்து அம்மா" என்றாய். மறுநாள் ரயில் ஏறிவிட்டாய்.

எட்டெழுத்து எனக்கு வரவில்லை. ஒரு எழுத்தும் இன்னொன்றும் கண்ணாடியில் பார்த்தது மாதிரி இருந்தன. அதோடு காய்களுக்குப் பெரிய எழுத்து வேறு. நான் திக்கித் திக்கி, "குதிரை, நாலாவது எழுத்து, ஏழு" என்பேன். அவர் கை காற்றில் நிற்கும். "எந்தக் குதிரைட்டி? எங்கேர்ந்து?" "அது போடலைங்க." "எப்படிப் போடாம இருக்கும்?" இரண்டு குதிரையும் போகலாம் என்றால் கூட ஒரு எழுத்து வரும் என்று நீ சொல்லியிருந்தாய், அந்த எழுத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாமே குழம்பும். பத்து நகர்த்தலுக்குள் பலகை ஒன்று, திரை ஒன்று என்று ஆகிவிடும். நான் தட்டுவதை அது ஏற்காமல் கீச்சென்று கத்தும். மூன்று வாரம் முயற்சி செய்தோம். ஒரு நாள் அவர் பலகையிலிருந்து காய்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பெட்டியில் போட்டார். கோபமாக இல்லை. எண்ணிப் போட்டார். "விடு" என்றார். நான் கம்ப்யூட்டர் மேல் பழைய சேலையைப் போர்த்தினேன்.

அதற்குப் பிறகு ஒன்பது மாதம் இருந்தார். ஆடி மாதத்துக் கர்க்கடக மழையில், கால் புண்ணோடு போய்ச் சேர்ந்தார். அந்த ஒன்பது மாதமும் நான்கு மணி ஆனால் விரல்கள் முழங்காலில் தாளம் போடும். நீ போனில், "ஆடுறீங்களாப்பா?" என்று கேட்கும்போது, "கொஞ்சம் கொஞ்சம்" என்பார். உன் மனம் நோகக் கூடாது என்று. என்னிடம் வேறு சொன்னார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். நான் அவர் காலுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தேன். "மணிக்கு நம்ம நம்பரு குறைச்சலாப் போச்சுட்டி. கூட்டாளிங்க முன்னால காட்ட வெக்கமாயிருக்கும். அவங்க பாஷைதான் வேணும்னு ஆயிட்டான். ஆகட்டும், பெரிய ஆளாகணும்லா." நான் துணியை முடிச்சுப் போட்டேன். முடிச்சு சரியாக விழவில்லை, அவிழ்த்து மறுபடி போட்டேன். அதற்குள் அவர் வேறு ஏதோ பேசத் தொடங்கிவிட்டார்.

அவர் உன்மேல் அந்த வருத்தத்தோடுதான் போனார் மணி. அதை மாற்றிச் சொல்ல எனக்கு இனி வாய் இல்லை. அது எனக்கு வர வேண்டிய வருத்தம். ஒரு வாக்கியம் போதும்: அவனா எடுக்கல, நான்தான் எடுக்க வெச்சேன். அதைச் சொன்னால் கூடவே, லோனச்சன் செய்ததைத்தான் நானும் செய்தேன், அதுவும் மாதக்கணக்கில், என்று சொல்ல வேண்டியிருக்கும். அவர் என்னையும் வாசலுக்கு வெளியே அனுப்பிவிடுவார் என்று பயந்தேன். கண் தெரியாத மனிதர், என்னை விட்டால் ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஆள் இல்லை, எங்கே அனுப்புவார்? அப்படியும் பயந்தேன். அதனால் எனக்குப் பதில் உன்னை அனுப்பினேன். நீ இங்கே பக்கத்துக் காக்கநாட்டுக்கு வேலை மாற்றி வந்து நான்கு வருஷம் என் கூடவே இருந்தாய், ஒரு தடவைகூட செஸ் பேச்சை எடுக்கவில்லை. எழுதின ஆட்டத்தையும் அழித்துவிட்டேன் என்றாய். நான் அதற்கும், "போகட்டும் மோனே" என்றுதான் சொன்னேன்.

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் நீயும் சுஜாவும் யாரும் தெரியாத ஊரில் இருக்கிறீர்கள், அவள் முகம் வாடினால் உனக்கு வீடே இருட்டும், அதனால் சொல்கிறேன். அவளைச் சிரிக்க வைக்க ஒரு சின்ன விஷயத்தை ஒரு கட்டம் குறைத்துச் சொல்லலாம் என்று தோன்றும். தோன்றும்போது பெரிதாக இருக்காது. அவள் வாடினபடியே இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்திரு. அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அந்த வாரத்தில் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எனக்கும் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை.

மும்தாஜ் அழுகிறாள். அவள் வீட்டுக்காரர் ஏன் என்று கேட்கிறார், "கண்ணுல சாக்குத் தூசி" என்கிறாள். தபால்காரர் வரும் நேரமாகிவிட்டது.

இதை வாசித்ததும் அவசரமாக எனக்கு போன் செய்து, பரவாயில்லைம்மா என்று சொல்லிவிடாதே. பரவாயில்லை என்று உனக்கு உண்மையிலேயே தோன்றுகிற வரைக்கும் சொல்லாதே. தோன்றாவிட்டால் சொல்லவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போன் பக்கத்தில் இருப்பேன். மணி அடிக்காவிட்டால், பிள்ளைக்கு வேலை அதிகம், அங்கே இப்போது ராத்திரி, பனி விழுந்து கம்பி அறுந்திருக்கும் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்ள மாட்டேன். நீ ஏன் கூப்பிடவில்லை என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

அம்மா